ஓர் எழுத்துத்தானே என்று விட்டுவிடலாமா?



பிள்ளைக்குப் பெயர் வைப்பவர் ஒருவர். அந்தப் பெயரைத் தாளில் எழுதுகிறவர் மற்றொருவர். ஆயுள் முழுவதும் அதைச் சுமந்து திரிகிறவர் மூன்றாமவர். தோட்டப்புறத்தில் நம்மவர்களின் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கை மாறி வந்திருக்கின்றன. பெயர் வைத்தவருக்கு ரூமி எழுத்துத் தெரியாது; எழுதியவருக்குத் தமிழ் தெரியாது; சுமந்தவருக்கோ, அதில் பிழை இருக்கிறது என்பதே தலை நரைத்த பிறகுதான் தெரிய வந்தது.

பிறப்புப் பத்திரத்தில் பெயர் தவறாக எழுதப்பட்டிருப்பதைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம். சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று பெரிய விஷயங்கள் இருக்க, ஓர் எழுத்துப் பிழைக்கு இவ்வளவு இடமா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். உழைத்துச் சேர்த்த சேமநிதியும், பிள்ளையின் படிப்பும், பிறந்த நாட்டின் பிரஜாவுரிமையும் அந்த ஓர் எழுத்தில் வந்து சிக்கிக்கொள்வதைக் கண்ணால் கண்டவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். சம்பளத்தில் ஒரு காசு குறைந்தால் அன்றே பிரட்டுக் களத்தில் நின்று கேட்கிறோம். பெயரில் ஓர் எழுத்துக் குறைந்தால் மட்டும் முப்பது வருஷம் பேசாமல் இருக்கிறோம். இது சரிதானா?

பிழை பிறந்த கதை

இந்தப் பிழைகள் எப்படி வந்தன என்பதை முதலில் அறிந்துகொள்வோம். குற்றவாளியைத் தேடுவதற்காக அல்ல. இனி வராமல் தடுப்பதற்காக.

அந்தக் காலத்தில் பிள்ளை லயத்து வீட்டிலோ தோட்டத்து ஆஸ்பத்திரியிலோ பிறந்தது. டிரஸ்ஸர் ஒரு துண்டுச் சீட்டு எழுதுவார். அதைக் கிராணி வாங்கிப் பார்ப்பார். பிறகு யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு வருவார். தகப்பன் போனால் அன்றைய வெட்டு போய்விடும். ஆகவே அநேகமாகப் போனவர் தகப்பன் அல்ல. மண்டோரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, வேறு வேலையாகப் பட்டணம் போகிறவரோ போனார். அவருக்குத் தெரிந்தது லயத்தில் கூப்பிடும் பெயர்தான். 'சின்னத்தம்பி மகன்' என்று சொன்னால் பிள்ளையின் தகப்பன் பெயர் சின்னத்தம்பி என்றே ஏறிவிடும். அடையாளக் கார்டில் அந்தத் தகப்பனின் பெயர் வேறாக இருக்கும்.

எழுதியவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஸ்டேஷனில் இருந்தவர் மலாய்க்காரர். அவர் காதில் விழுந்த ஒலியை அவர் பழக்கப்படி எழுதினார். தோட்டத்துக் கிராணிமாரில் பலர் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் ஆவர். அவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் நம்மவர் கைநாட்டு வைத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டும்படி கேட்கும் துணிவு அன்று யாருக்கு இருந்தது?

இதன்மேல் காலத்தின் கோலமும் சேர்ந்துகொண்டது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. சயாம் ரயில் பாதை வேலைக்குப் போன எத்தனையோ தகப்பன்மார் திரும்பவேயில்லை. வீட்டில் இருந்த தாள்களும் பறிபோயின. 1948-இல் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாளக் கார்டு கட்டாயமாயிற்று. வரிசையில் நிற்க வைத்துப் படம் பிடித்து, கைரேகை வாங்கி, கேட்ட மாத்திரத்தில் பெயரை எழுதினார்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், கார்டில் ஒரு விதம் என்று ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் உண்டானது பெரும்பாலும் இப்படித்தான். 1972-இல் மலாய் மொழியின் எழுத்து முறையும் மாற்றியமைக்கப்பட்டது. அதற்கு முன் இரண்டு எழுத்தால் எழுதிய ஒலியை அதன்பின் ஓர் எழுத்தால் எழுதினார்கள். பேரன் பெயரில் வரும் தாத்தா பெயருக்கும் தாத்தா கார்டில் உள்ள பெயருக்கும் பொருத்தம் இல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் மொழியின் தன்மையும் இதில் உண்டு. தமிழில் 'க' என்பது ஓர் எழுத்து. இடத்துக்கு ஏற்ப அது பல விதமாக ஒலிக்கும். 'ப'வும் 'த'வும் அப்படியே. 'பாக்கியம்' என்று பெயரைச் சொன்னால், ரூமியில் உள்ள இரண்டு 'பி'யில் எது என்பதை எழுதுகிறவர்தான் முடிவு செய்கிறார். 'ழ'கரத்துக்கு ரூமியில் தனி எழுத்தே கிடையாது. ஆகவே 'பழனி' ஒரு வீட்டில் 'பலனி' ஆகிறான்; அடுத்த வீட்டில் இரண்டு எழுத்தைக் கூட்டி வேறு விதமாக எழுதப்படுகிறான். லெட்சுமி என்னும் பெயர் ஒன்றையே லெட்சிமி, லெச்சுமி, லெச்சிமி, லட்சுமி என்று எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பழைய செக்ரோல் புத்தகத்தைப் புரட்டிய கிராணிமார் அறிவார்கள்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. ரூமியில் ஒரு தமிழ்ப் பெயருக்கு 'இதுதான் சரியான எழுத்து' என்று ஒன்று கிடையாது. ஒரே பெயரைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதலாம். பத்தும் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரே ஆளின் பத்துத் தாள்களில் பத்து விதமாக இருந்தால் அந்த ஆள் அகப்பட்டுக்கொண்டார் என்று பொருள். உண்மையான பிழை எழுத்தில் இல்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் உள்ள முரண்பாட்டில் இருக்கிறது.

ஓர் எழுத்து செய்யும் வேலை

ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயர் 'மணியாண்டி'. அடையாளக் கார்டில் 'முனியாண்டி'. ரூமியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். முப்பது வருஷம் மரம் வெட்டினார். செக்ரோலில் கூப்பிட்ட பெயருக்குக் கை தூக்கினார், சம்பளம் வந்தது, ஒரு தொல்லையும் இல்லை. பிள்ளை பிறந்தபோது தகப்பன் பெயர் 'மணியாண்டி' என்று ஏறிவிட்டது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் அவர் இறந்து போகிறார். மனைவியும் பிள்ளைகளும் சேமநிதிப் பணத்துக்குப் போகிறார்கள். சொக்சோவின் வாரிசு பென்ஷனுக்குப் போகிறார்கள். 'இறந்தவர் முனியாண்டி. இந்தப் பிள்ளையின் தகப்பன் மணியாண்டி. இருவரும் ஒருவரே என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்று கேள்வி வருகிறது. கேட்கிற அதிகாரியை நாம் குறை சொல்வதற்கில்லை. பிறர் பணத்தைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர் தாளைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். ஆனால் அந்தத் தாய்க்கு அது என்னவாகக் கேட்கும்? 'இவன் உன் புருஷன்தானா?' என்று கேட்டது போலல்லவா கேட்கும்? துக்கம் ஆறாத நாளில் இந்தச் சொல்லைக் கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு ஏன் வர வேண்டும்?

பிரஜாவுரிமை விஷயம் இதைவிடக் கடுமையானது. மெர்டேக்கா நாளாகிய 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன் வரை மலாயாவில் பிறந்தவர்கள், மண்ணில் பிறந்ததாலேயே பிரஜைகள். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பிறந்த இடம் மட்டும் போதவில்லை. தாய் தகப்பனில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. ஆகவே பிள்ளையின் பத்திரத்தில் உள்ள தகப்பன் பெயரும் தகப்பனின் கார்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால், பிள்ளையின் உரிமையே கேள்விக்குறியாகி நிற்கிறது.

1969-இல் பிரஜை அல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழ்நாடு போய்ச் சேர்ந்ததை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பத்திரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் சமுதாயம் கற்றுக்கொண்ட பாடம் அது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும், 2011-இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் பத்திரமில்லாத இந்தியர்களைத் தேடிப் பதிவு செய்யும் இயக்கம் ஒன்றை அரசாங்கம் நடத்த வேண்டியிருந்தது. பாடம் முழுவதும் இன்னும் மனத்தில் ஏறவில்லை என்பதையே இது காட்டுகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் இந்தத் தொல்லையை வளர்த்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்களைச் சிறு சிறு துண்டாக்கி விற்றார்கள். பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயம் இடிந்தது; ஆபீஸ் மூடப்பட்டது; செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை; பக்கத்து வீட்டுக்காரர் பட்டணத்தில் எந்த அடுக்குமாடியில் இருக்கிறார் என்பதும் தெரியவில்லை. 'இந்தப் பிள்ளை பிறந்ததை நான் அறிவேன்' என்று சொல்லக்கூடிய வாய்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன.

எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது?

'அப்படியானால் எல்லாரும் நாளைக்கே பதிவிலாகாவுக்கு ஓட வேண்டுமா?' என்று கேட்டால், வேண்டாம் என்போம். நிதானம் வேண்டும். பிழைகள் மூன்று வகை.

முதல் வகை, ஒலி மாறாத பிழை. ஓர் எழுத்து கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். ஆனால் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பள்ளிச் சான்றிதழ், சேமநிதி எல்லாவற்றிலும் ஒரே மாதிரியாக இருக்கும். இதைத் தொடாதீர்கள். அழகுக்காகத் திருத்தப் போனால் ஒத்திருந்த ஐந்து தாள்களை ஒவ்வாத ஐந்து தாள்களாக்கி வைப்பீர்கள். ஊர் கூப்பிடுவது ஒலியை; ஆபீஸ் பார்ப்பது எழுத்தை. ஊருக்கு ஒலி சரியாக இருந்தால் போதும். ஆபீசுக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் போதும்.

இரண்டாம் வகை, தாளுக்குத் தாள் முரண்படும் பிழை. மேலே சொன்ன முனியாண்டி, மணியாண்டி கதை இதுதான். பிள்ளையின் பத்திரத்தில் உள்ள தாய் தகப்பன் பெயர் அவர்களுடைய கார்டுடன் ஒவ்வாமல் இருப்பதும் இதில் அடங்கும். இதைக் காலம் கடத்தாமல் திருத்த வேண்டும். திருத்துமுன் வீட்டில் உள்ள எல்லாத் தாள்களையும் பாயில் பரப்பிப் பாருங்கள். பிறப்புப் பதிவே வேர்; அடையாளக் கார்டு அடிமரம்; மற்றவை கிளைகள். வேரும் அடிமரமும் ஒன்றாயிருந்து கிளை மட்டும் மாறியிருந்தால், பள்ளியிலோ சேமநிதியிலோ உள்ள அந்தக் கிளையைத் திருத்தினால் போதும்; பிறப்புப் பத்திரத்தைத் தொட வேண்டியதில்லை. வேரிலேயே கோளாறு என்றால்தான் பதிவிலாகா வரை போக வேண்டும்.

மூன்றாம் வகை, உண்மையே மாறிப்போன பிழை. பிறந்த தேதி, ஆண் பெண், தாய் தகப்பன் யார் என்பவை தவறாக இருப்பது. மகனுக்கு 'அனாக் லெலாக்கி' என்பதற்குப் பதில் 'அனாக் பெரெம்புவான்' என்று விழுந்திருப்பதும் இத்தகையதே. இதை ஒரு நாளும் விட்டுவைக்கக் கூடாது. 1990-இல் வந்த பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பிறப்புப் பதிவில் தேதியோ பாலோ தவறினால் எண்ணே தவறாகப் பிறக்கிறது. அந்த எண் பள்ளிக்கூடம் முதல் பென்ஷன் வரை கூடவே வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவுக்குரிய 1957-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, பதிவேட்டில் உள்ள பிழைகளைத் திருத்துவதற்கு இடம் தருகிறது. எழுதுகிறவர் கை தவறி நேர்ந்த பிழை வேறு. உண்மை விவரத்தில் நேர்ந்த பிழை வேறு என்று அது பிரித்துப் பார்க்கிறது. உண்மை விவரத்தில் பிழை என்றால் கட்டணம் கட்டி, பிழை இன்னது, உண்மை இன்னது என்று விளக்கும் சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் பிறப்பை அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள், அதாவது தாய் தகப்பன் போன்றோர். அவர்கள் இல்லாவிட்டால், உண்மையை நேரில் அறிந்த நம்பத்தக்க இருவர். பழைய எழுத்தை அழித்துவிடமாட்டார்கள். பதிவேட்டின் ஓரத்தில் திருத்தத்தைக் குறிப்பார்கள்.

தோழர்களே, இந்த இடத்தைச் சற்று நின்று படியுங்கள். 'உண்மையை அறிந்த இருவர்' என்கிறது சட்டம். தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போது இரண்டு கையெழுத்தில் முடிகிற காரியம், அவர்கள் போன பிறகு ஊர் ஊராகச் சாட்சி தேடுகிற காரியமாகிவிடுகிறது. ஆகவேதான் சொல்கிறோம்: திருத்தம் செய்வதற்கு நல்ல நாள் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிற நாள். பிள்ளை பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுப்பதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும். கார்டு வந்துவிட்டால் திருத்த வேண்டிய தாள் ஒன்றுக்கு இரண்டாகும். வேலைக்குப் போய்விட்டால் நான்காகும்.

துணைச் சான்றுகளையும் தேடி வையுங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, தகப்பனின் பழைய கார்டு ஆகியவை 'பழங்காலத்துக் குப்பை' அல்ல. அரிசி டின்னுக்குள் வைத்துக் காக்க வேண்டிய பொருள்கள் அவை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 'நூறோ இருநூறோ கொடு, நான் முடித்துத் தருகிறேன்' என்று சொல்லும் தரகர்களிடம் போகாதீர்கள். சத்தியப் பிரமாணத்தில் பொய் எழுதுவது தண்டனைக்குரிய குற்றம். எழுத்துப் பிழையைத் திருத்தப் போய்ச் சட்டத்தில் பிழை செய்து வந்தவராகக் கூடாது.

தாய் தகப்பன்மாருக்கு

பழங்காலத்துப் பிழைக்குப் பழங்காலம் பொறுப்பு. இன்று எழுதப்படும் பிழைக்கு நாமே பொறுப்பு. இன்று பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறக்கின்றன. பதிவு கணினியில் நடக்கிறது. தாய் தகப்பனில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போனவர்கள். முன்பு பதிவுக்குப் பதினான்கு நாள்தான் தவணை; 2017 முதல் தீபகற்பத்தில் அது அறுபது நாள் ஆகியிருக்கிறது. யோசித்துப் பெயர் வைக்கவும், எழுதிப் பார்க்கவும் இந்த நாள்கள் தாராளமாகப் போதும்.

பெயரை வாயால் சொல்லாதீர்கள்; தாளில் எழுதிக் கொண்டு போங்கள். பிள்ளை பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர் மூன்றையும் ரூமியில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தகப்பன் பெயரையும் தாய் பெயரையும் நினைவிலிருந்து எழுத வேண்டாம். அவரவர் அடையாளக் கார்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நகல் எடுங்கள். கார்டில் தாத்தா பெயர் தப்பாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். அக்காள் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஒரு விதம், தம்பி பத்திரத்தில் வேறு விதம் என்று வந்தால் நாளைக்கு அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பதற்கே சாட்சி தேட வேண்டியிருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரே எழுத்து. இதை மந்திரம் போல் மனத்தில் வையுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றால் பக்கத்தில் நிற்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம். அங்கே செலவாகும் ஐந்து நிமிஷம், பின்னால் ஐந்து நாள் வேலையைக் காப்பாற்றும்.

எண் கணிதம் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயருக்கு எண் கூட்டிப் பார்த்து, அதிர்ஷ்டம் வரும் என்று ஓர் எழுத்தை இரட்டிப்பதும் வேண்டாத இடத்தில் ஒன்றைச் செருகுவதும் இப்போது பெருகியிருக்கிறது. நம்பிக்கை அவரவர் விருப்பம். அதில் நாம் தலையிடவில்லை. செய்வதென்றால் பதிவுக்கு முன் செய்யுங்கள். பதிவான பிறகு வீட்டில் ஒரு விதம், பள்ளியில் ஒரு விதம், கல்யாணப் பத்திரிகையில் ஒரு விதம் என்று எழுதத் தொடங்கினால், வருகிற அதிர்ஷ்டம் எந்தப் பெயரைத் தேடி வரும்?

கிராணிமாருக்கு

தோட்டத்தில் பேனா பிடிக்கும் சகோதரர்களே! உங்களையும் இந்தப் பத்திரிகையின் வாசகர்களாகவே, நம்மில் ஒருவராகவே கருதி எழுதுகிறோம். உங்கள் மேசைக்கு வராத பெயர் தோட்டத்தில் இல்லை. புது ஆளைப் புத்தகத்தில் ஏற்றும்போதும், சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் விவரம் அனுப்பும்போதும் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 'நம்ம முனியாண்டிதானே' என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். உங்களுக்கு அது ஒரு வரி; அவருக்கு அது வாழ்நாள் சேமிப்பு.

முரண்பாடு கண்டால் உரியவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாரம் நிரப்ப உதவுங்கள். அந்தக் காலத்துக் கிராணி ஐயாவைக் கண்டு தொழிலாளி நடுங்கினான். இன்றைய கிராணி அவனுடைய பெயருக்குக் காவலனாக இருக்கலாம். அந்தப் பெருமை கிடைக்கும்போது கைவிடலாமா?

சங்கக் கிளைகளும் அதிகாரிகளும்

ஒவ்வொரு கிளையும் ஒரு பெயர்ப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது யோசனை. உறுப்பினர் பெயரைத் தமிழில் ஒரு பக்கம், கார்டில் உள்ளபடி ரூமியில் மறு பக்கம் எழுத வேண்டும். மனைவி மக்கள் பெயரையும் அவரவர் பத்திரத்தில் உள்ளபடி பக்கத்தில் எழுத வேண்டும். எழுதும்போதே முரண்பாடு கண்ணில் படும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெரிய செலவில்லை. ஆனால் ஒரு தாயின் கண்ணீரைத் துடைக்க அது உதவும். சேமநிதிக்கு வாரிசு நியமனம் செய்தவர்கள், அதில் எழுதிய பெயர் வாரிசின் கார்டில் உள்ள பெயர்தானா என்று பார்க்கவும் அதே நாளில் ஏற்பாடு செய்யலாம்.

தோட்ட நிர்வாகங்களை நாம் கேட்பது அதிகமில்லை. பதிவிலாகா திறந்திருப்பது வேலை நாளில். தொழிலாளி வேலை செய்வதும் வேலை நாளில். பத்திரம் திருத்தப் போகிறவருக்குச் சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் விடுமுறை கொடுங்கள். பெயரைத் திருத்த ஒருவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்றால், அவர் கூலியைத்தான் காப்பாற்றுவார், பெயரை விட்டுவிடுவார். அது அவர் குற்றமாகாது.

அதிகாரிகளுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, பெயரைப் பதிவு செய்யும் இடத்தில், எழுதியதை அறிவிக்க வந்தவருக்கு உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கும் வழக்கம் எங்கும் உறுதியாக வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டி வந்தாலும் அவள் காதுக்குத் தெரியும், பேரன் பெயர் சரியாக ஒலிக்கிறதா இல்லையா என்று. இரண்டாவது, எழுதிய கையால் நேர்ந்த பிழை என்று வெளிப்படையாகத் தெரிகிறபோது, அதற்குரிய செலவும் அலைச்சலும் பெயருக்குரியவர் தலையில் விழக்கூடாது. இவை சலுகைகள் அல்ல. உழைத்து வரி கட்டும் பிரஜை கேட்கும் நியாயமான கோரிக்கைகள்.

முடிவாக ஒன்று சொல்வோம். நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்தபோது காடு இருந்தது. அதை வெட்டித் தோட்டமாக்கினார்கள். நிலத்தில் அவர்களுக்குப் பங்கில்லை, மரத்தில் பங்கில்லை, குடியிருந்த லயத்திலும் பங்கில்லை. பிள்ளைகளுக்கு விட்டுப் போக அவர்களிடம் இருந்த சொத்து அநேகமாகப் பெயர் ஒன்றுதான். குலசாமியின் பெயர், பாட்டன் பெயர், ஊரில் விட்டு வந்த தாயின் பெயர் என்று தேடித் தேடி அதை வைத்தார்கள். அந்தச் சொத்தை அரைகுறையாக எழுதி வைத்துக்கொண்டு, 'ஓர் எழுத்துத்தானே' என்று இனியும் இருக்கலாமா?

இன்றிரவு பெட்டியைத் திறந்து தாள்களை எடுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒத்திருந்தால் பத்திரமாக உள்ளே வையுங்கள். ஒவ்வாதது ஒன்று இருந்தால் நாளைக்கே கிளைச் செயலாளரைப் பாருங்கள்.